பாடம் செய்த பட்டாம்பூச்சிகளைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்: கல்லூரி முதல்வருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

விலங்கியல் துறையின் பூச்சித் தொகுப்பு அறையைக் காலி செய்து கணினி வகுப்பறையாக மாற்றப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அங்கிருக்கும் பட்டாம்பூச்சிப் பெட்டிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாத இறுதிக்குள் "பயனற்ற பொருள்கள்" பட்டியலில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. போன சனிக்கிழமை நான் வந்தபோது 42 பெட்டிகளில் 9 பெட்டிகள் வராந்தாவுக்கு வந்துவிட்டிருந்தன. உடைந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த பெட்டியின் கண்ணாடி விரிசல் கண்டிருந்தது. அந்த விரிசல் வழியாக எறும்புகள் புகுந்து ஓர் எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் உடலை அடியோடு தின்றுவிட்டன. நான்கு இறக்கைகளும் பெட்டியின் அடியில் கிடந்தன. ஊசி மட்டும் நின்றது, அதில் குத்திய லேபிளோடு.

அந்த லேபிளில் இருந்தது என் கையெழுத்து.

நான் இந்தத் துறையில் இளங்கலை படித்தவள். கடந்த 11 ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் வந்து இந்தப் பெட்டிகளைத் துடைத்து, பூச்சி அரிக்கிறதா என்று பார்த்து, ஒடிந்த உணர்கொம்புகளை ஒட்டி வைத்துவிட்டுப் போகிறவள். யாரும் கேட்டு நான் இதைச் செய்யவில்லை, ஊதியமும் வாங்கியதில்லை. அதைச் சொல்லிக்காட்ட இங்கே எழுதவில்லை. முடிவெடுத்தவர்களில் யாரும் இந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன். பார்த்திருந்தால் "பயனற்ற" என்ற சொல் அந்தச் சுற்றறிக்கையில் இருந்திருக்காது.

முதலாமாண்டில் நான் பிடித்த முதல் பட்டாம்பூச்சி ஒரு வெந்தய வரியன். வலையை மடக்கி, இறக்கைகள் முதுகுப்பக்கம் மூடியிருக்கும்படி பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் மார்பை அழுத்த வேண்டும். சட்டென்று அழுத்தினால்தான் அது துடிக்காமல் சாகும். எனக்குக் கை நடுங்கியது. அரைகுறையாக அழுத்திவிட்டு, செத்துவிட்டது என்று நினைத்து முக்கோணத் தாளுறைக்குள் வைத்தேன். உறைக்குள்ளிருந்து சரசரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அழுதேன். அப்போது எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவரை எல்லோரும் லேப் அண்ணன் என்போம். அவர் உறையை வாங்கி, பூச்சிகளைக் கொல்ல வைத்திருக்கும் எத்தில் அசிடேட் குப்பிக்குள் வைத்து மூடினார். பிறகு என்னிடம் சொன்னார்: "இதைக் கொன்னது நீதான்மா. இனிமே இது கெடாமப் பாத்துக்கிறதும் உன் பொறுப்புதான்."

அடுத்த ஒரு வாரம் அவர் எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன். காய்ந்து விறைத்த பட்டாம்பூச்சியை அப்படியே விரித்தால் இறக்கை அப்பளம்போல் நொறுங்கும். ஈர மணல் பரப்பிய மூடிய டப்பாவுக்குள், நனையாமல், ஓரிரு நாள் வைத்தால் மூட்டுகள் இளகும். கூடவே ஒரு துளி பீனால் விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இளகியதும் மார்பின் நடுவில் துருப்பிடிக்காத பூச்சி ஊசியை நேராகக் குத்தி, விரிப்புப் பலகையின் பள்ளத்தில் உடலை இறக்கி, இறக்கைகளைத் தாள் பட்டைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த நரம்புக்குப் பின்னால் ஊசி முனையை வைத்து மெல்ல மேலே நகர்த்த வேண்டும். முன்னிறக்கையின் கீழ் விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக வரும்வரை நகர்த்த வேண்டும். விரல் இறக்கையில் பட்டால் செதில்கள் மாவுபோல் விரலோடு வந்துவிடும், அந்த இடம் வழுக்கையாகிவிடும். இரண்டு வாரம் காய விட்ட பிறகு பலகையிலிருந்து எடுத்தால் அது அப்படியே நிற்கும். எவ்வளவு காலம் நிற்கும்? 1702இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் பிடித்து ஊசியில் குத்திய ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 300 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. எறும்பும் ஈரமும் வெயிலும் படாமல் பார்த்துக்கொண்டதைத் தவிர அதற்கு வேறு எந்த மாயமும் தேவைப்படவில்லை.

பட்டாம்பூச்சியைவிட லேபிளுக்குத்தான் லேப் அண்ணன் அதிகம் கண்டிப்பார். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர், எந்தச் செடியில் இருந்தது. இவற்றைப் பொடி எழுத்தில் எழுதி அதே ஊசியில் உடலுக்குக் கீழே குத்த வேண்டும். "லேபிள் இல்லேன்னா இது செத்த பூச்சி, அவ்வளவுதான். லேபிள் இருந்தாத்தான் சாட்சி" என்பார்.

அந்த லேபிள்தான் உங்கள் முடிவின் முதல் ஓட்டையும். படம் எடுத்துவிட்டோம், தகவல் பத்திரமாக இருக்கிறது என்கிறீர்கள். எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெட்டிக்கு ஒரு படம், மூடிய கண்ணாடிக்கு மேலிருந்து எடுத்தது. லேபிள்கள் உடலுக்கும் இறக்கைக்கும் கீழே இருக்கின்றன. 42 படங்களிலும் சேர்த்து முழுதாகப் படிக்க முடிகிற லேபிள் ஒன்றுகூட இல்லை. பாதிப் படங்களில் படம் எடுத்தவரின் கைப்பேசிதான் கண்ணாடியில் தெரிகிறது. நீலன்கள் என்னும் சிறு பட்டாம்பூச்சிகளில் பல இனங்களை அடிப்பக்கத்துப் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்துத்தான் பிரித்தறிய முடியும், மேல்பக்கம் எல்லாம் ஒரே நீலம். அந்த அடிப்பக்கம் எந்தப் படத்திலும் இல்லை.

நல்ல கேமராவில், ஒவ்வொன்றாக, இரு பக்கமும் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும், நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் அது பூச்சிக்கு ஈடாகாது. தோற்றத்தில் ஒட்டிப்பிறந்ததுபோல் இருக்கும் சில இனங்களை வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். ஒரு கால் இருந்தால் அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். படத்திலிருந்து எதை எடுப்பது?

சான் பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளில் செர்சீஸ் நீலன் என்று ஒரு பட்டாம்பூச்சி இருந்தது. நகரம் பரவி மணல்மேடுகள் வீடுகளாயின. 1940களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. அது தனி இனம்தானா, வேறொரு நீலனின் வகையா என்ற கேள்வி மட்டும் பல பத்தாண்டுகள் தீராமல் இருந்தது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 93 ஆண்டுகளாக ஊசியில் நின்ற ஒரு செர்சீஸ் நீலனின் வயிற்றிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து டிஎன்ஏவைப் படித்தார்கள். தனி இனம்தான் என்ற முடிவு 2021இல் வெளியானது. அதைப் பிடித்தவருக்கு டிஎன்ஏ பற்றித் தெரிந்திருக்க வழியே இல்லை. பிடித்தார், லேபிள் எழுதினார், பின்னால் வந்தவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

பறவை முட்டைகளிலும் இதே கதைதான். பைரி வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்துகொண்டிருந்த காலத்தில், டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைத் தொகுப்புகளை எடுத்து ஓடுகளை எடைபோட்டு ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்பதை 1967இல் அவர் காட்டினார், டிடிடி பூச்சிக்கொல்லி மீது பார்வை திரும்பியது. முட்டை சேர்த்தவர்கள் அலமாரியின் அழகுக்காகச் சேர்த்தவர்கள். அவை எந்தக் கேள்விக்கு விடையாகும் என்று சேர்த்தபோது அவர்களுக்குத் தெரியாது. இன்று இந்த அறையை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நீங்கள் சொல்லும்போது, நாளைக்கு வரப்போகிற கேள்விகள் எல்லாமே உங்களுக்குத் தெரியும் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் 17ஆம் பெட்டியைத் திறந்து பாருங்கள். வலது ஓரம், கடைசி வரிசை. சுண்டுவிரல் நகத்தளவே உள்ள நீலன்கள் ஆறு. ஆறின் லேபிளிலும் இடம் என்று எழுதியிருப்பது: "வளாகத்தின் பின்பக்கப் புல்வெளி". அந்தப் புல்வெளியில்தான் இப்போது விடுதிக் கட்டடம் நிற்கிறது. விடுதிக்குப் பின்னால் மிஞ்சியிருக்கும் துண்டு நிலத்தில் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை தேடிவிட்டேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விடுதி கட்டியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஒரு காலத்தில் இப்படி ஓர் உயிர் இருந்தது என்பதற்கு இந்த ஆறு ஊசிகளைத் தவிர உலகத்தில் வேறு எந்த ஆதாரமும் இல்லை. இதைத்தான் பயனற்ற பொருள் என்கிறீர்கள்.

2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு ரியோ டி ஜனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்தது. 200 ஆண்டு பழைய நிறுவனம். அதன் பூச்சித் தொகுப்பு அநேகமாக முழுவதும் எரிந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே தீ செய்ததை இங்கே ஒரு கையெழுத்து செய்யப் போகிறது.

உயிரைக் கொன்று ஊசியில் குத்தும் பழக்கத்தை ஒரு கல்லூரி ஊக்குவிக்கக் கூடாது என்று கூட்டத்தில் ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அவர் யாரென்று தெரியாது, ஆனால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால் இதில் அவரைவிட எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் காலத்தில் ஒவ்வொரு மாணவரும் செய்முறைத் தேர்வுக்கு ஒரு பூச்சிப் பெட்டி தர வேண்டும். தையல் ஊசியில் குத்தி, தெர்மகோலில் செருகி, லேபிள் என்ற இடத்தில் ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவருவார்கள். சிலர் காசு கொடுத்து வாங்கி வருவார்கள். மதிப்பெண் போட்டு முடிந்த மறுவாரம் அத்தனை பெட்டிகளும் ஆய்வகத்தின் பின்புறம் எரிக்கப்படும். ஒரு வருடம் அந்தப் புகையில் நின்று, இன்னும் பாதி எரியாத ஒரு பெட்டியை இழுத்தேன், உள்ளே ஒரே இனத்தில் இருபதுக்கு மேல் இருந்தன. எங்கே, எப்போது பிடித்தவை என்று ஒரு வரிகூட இல்லை. அவை அத்தனையும் வீணாகச் செத்தவை.

அதை நிறுத்துங்கள். மாணவர்கள் பார்த்து, படமெடுத்து, குறிப்பெழுதிக் கற்கட்டும். ஆய்வுக்குத் தேவை என்றால், அனுமதியோடு, தேவையான அளவுக்கு மட்டும் பிடிக்கட்டும். ஆனால் ஏற்கெனவே கொன்றவற்றை இப்போது குப்பையில் போடுவது கருணையாகாது. கொன்றதற்கு நாம் சொல்லிக்கொண்ட ஒரே நியாயம், இது அறிவாக நிற்கும் என்பதுதான். அந்த வெந்தய வரியன் உறைக்குள் சரசரத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. 3ஆம் பெட்டியில் அது நிற்கும்வரைதான் அந்தச் சத்தத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அழகானவற்றை மட்டும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம் என்று இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. வேண்டாம். நிறமிகளால் வரும் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் வெளிச்சத்தில் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். செதிலின் நுண்ணமைப்பால் வரும் மார்ஃபோ என்ற பட்டாம்பூச்சியின் நீலம் போன்றவை மட்டுமே தாக்குப்பிடிக்கும், அந்த மாதிரி நம் பெட்டிகளில் மிகச் சில. அதோடு, சட்டம் போடுகிறவர் முதலில் கழற்றுவது லேபிளைத்தான்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டிகளில் போடும் நாப்தலீன் உருண்டையின் நாற்றத்தைப் பற்றி வந்திருக்கும் புகார் நியாயமானது. அந்த வாடையை மணிக்கணக்கில் சுவாசிப்பது உடம்புக்கு நல்லதல்ல, எனக்கே அங்கிருந்து வந்தால் தலைவலிக்கும். ஆனால் நாப்தலீன் உருண்டையை நம்பி இருக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? ரப்பர் பட்டை தேய்ந்து மூடி சரியாகப் பொருந்தாத பெட்டிகளை மாற்றித் தரும்படி நான்கு முறை கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. இடுக்கு வழியாக அருங்காட்சியக வண்டு உள்ளே போய் முட்டையிடும். அதன் புழு, உடம்பெல்லாம் மயிரோடு, மிகப் பொடியாக இருக்கும். பட்டாம்பூச்சியின் உடலைக் குடைந்து தின்னும். ஊசிக்கு நேர் கீழே பழுப்பு நிறத்தில் மரத்தூள்போல ஒரு சிறு குவியல் தெரிந்தால், மேலே நிற்பது வெறும் கூடு என்று அர்த்தம். சந்தேகமான பெட்டியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். மருந்தும் வேண்டாம், நாற்றமும் இல்லை. துறையில் ஓர் ஆழ்குளிர் பெட்டி இருக்கிறது, கதவின் ரப்பர் கிழிந்து மூன்று ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. அதற்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இடப் பற்றாக்குறை உண்மைதான். மாணவர்களுக்குக் கணினி வகுப்பறை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 42 பெட்டிகளுக்கு ஓர் அறை தேவையில்லை. நல்ல மூடியுள்ள இரண்டு எஃகு அலமாரிகள் போதும், நூலகத்தின் வெயில் படாத மூலையில் நிறுத்திவிடலாம்.

நான் கேட்பது இவைதான். வராந்தாவில் இருக்கும் 9 பெட்டிகளை இன்றே உள்ளே எடுத்து வையுங்கள், மழை ஒரு முறை சாரல் அடித்தால் போதும், அவை முடிந்தன. அப்புறப்படுத்தும் ஆணையை எழுத்துமூலம் நிறுத்தி வையுங்கள், வாய்மொழி உறுதி எனக்குப் போதாது. ஒவ்வொரு பூச்சியின் இரு பக்கத்தையும் லேபிளையும் படமெடுத்துப் பட்டியலிட ஆறு மாதம் கொடுங்கள். உதவிக்கு ஆர்வமுள்ள நான்கு மாணவர்களைக் கேட்கிறேன், ஊசியைப் பிடிக்கும் விதத்திலிருந்து நான் கற்றுத் தருகிறேன். அந்த ஆறு மாதத்துக்குள் இரண்டு அலமாரிகளை வாங்குங்கள், ஆழ்குளிர் பெட்டியின் கதவைச் சரிசெய்யுங்கள். பட்டியல் முடிந்த பிறகும் கல்லூரியால் வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால், பூச்சித் தொகுப்பைப் பராமரிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ லேபிள்களோடு முழுதாக ஒப்படையுங்கள். தனியாருக்கு விற்காதீர்கள், அழகானதை மட்டும் பொறுக்கிப் பிரிக்காதீர்கள். மாணவர்களிடம் பூச்சிப் பெட்டி கேட்கும் வழக்கம் எந்த வகுப்பிலாவது மிச்சமிருந்தால் அதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதை மாத இறுதிக்கு முன் எழுதித் தெரிவியுங்கள். வருகிற சனிக்கிழமை வழக்கம்போல் காலை 9 மணிக்கு வருவேன். அறையின் பூட்டை மாற்றிவிட்டதாகக் காவலாளி சொன்னார். புதுச் சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் துறையின் முன்னாள் மாணவி